பெரிய மாஃப் சென்சார் மாட்டுமுன்: ஆக்டேவியா ஆர்எஸ் 1.8 டர்போ வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உங்களிடம் 2004 வாக்கில் வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் இருக்கிறது, டர்போவையும் பெரிதாக்கிவிட்டீர்கள், "அடுத்தது ஏர்ஃப்ளோ சென்சார்தான்" (மாஃப் என்பதும் இதுவே) என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்றால், ஸ்பேனரை எடுக்குமுன் இதைப் படித்துவிடுங்கள். இந்த ஒரு வேலைக்கு எனக்கு நான்கு மாதம் ஆனது. அதில் மூன்று மாதம் தேவையே இல்லாமல் போனது.

என் வண்டியில் மாஃப் சென்சார் உட்காரும் குழாயைப் பெரியதாக மாட்டிய ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் செருகி எரரை அழித்துவிட்டு, "ரெண்டு நாள் ஓட்டுங்க சார், இசியூ தானா கத்துக்கும்" என்றார்கள். இசியூ என்பது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி. நம்பினேன். இரண்டாம் நாள் வாளையார் பக்கம் ஒரு லாரியை முந்த ஆக்சிலரேட்டரை அழுத்தியபோது, தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல் ஒரு சத்தம். உடனே காலை எடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பிளக்குகளைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மூன்றாம் சிலிண்டர் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியது போல் கரும்புள்ளிகள், நடுவே இரண்டு மூன்று வெள்ளிப் பொட்டுகள். அந்த வெள்ளி, பிஸ்டனிலிருந்து உருகி வந்த அலுமினியம்.

நடந்தது இதுதான். மாஃப் சென்சார் சக்தி கூட்டும் பாகம் அல்ல, அளவுகோல். உள்ளே போகும் காற்றின் எடையை அது இசியூவுக்குச் சொல்கிறது. குழாயை அகலமாக்கினால் அதே காற்று மெதுவாகப் போகும், சென்சார் குறைவாகச் சொல்லும். இசியூ அதை நம்பிப் பெட்ரோலைக் குறைக்கும். பலருக்கும் இதுவரை தெரியும். இதைவிட ஆபத்தான இன்னொன்று இருக்கிறது: இக்னிஷன் டைமிங்கையும் இசியூ அதே காற்றுக் கணக்கிலிருந்துதான் எடுக்கிறது. காற்று குறைவு என்றால் எஞ்சின்மேல் சுமை குறைவு என்று எண்ணி, தீப்பொறியை இன்னும் முன்கூட்டியே விடும். கலவை லீன் (பெட்ரோல் குறைவு), டைமிங்கும் முன்னே. கலவை தாறுமாறாக வெடித்து எஞ்சினைத் தட்டும் நாக்கிங் வராமல் என்ன செய்யும்?

1. உங்களுக்கு இது தேவையா என்று முதலில் பாருங்கள்

டர்போ பழையதேயானால் தேவையில்லை. இசியூவின் ஃபைலை மட்டும் மாற்றிய, அதாவது வெறும் ரீமேப் செய்த வண்டிக்கும் பெரும்பாலும் தேவைப்படாது. பழைய சென்சார் நோயில் இருப்பதைத்தான் பலர் "பத்தவில்லை" என்று எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு அதே அளவில் புதிய அசல் பாஷ் சென்சார் போட்டாலே போதும். இசியூ ஃபைலை மாற்றி எழுதும் டியூனருக்கான செலவு மிச்சம்.

சோதிக்க விசிடிஎஸ் (இந்தக் கார்களின் இசியூவைப் படிக்கும் மென்பொருள்) கேபிளும் ஒரு லேப்டாப்பும் வேண்டும். மூன்று இடத்தில் பாருங்கள்.

சாவியை ஆன் செய்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், சென்சாரின் சிக்னல் வயரில் மல்டிமீட்டர் வையுங்கள். இந்த பாஷ் ரகத்தில் காற்று அசையாதபோது 1 வோல்ட்டை ஒட்டி இருக்கும். 1.2, 1.3 என்று காட்டினால் சென்சார் கெட்டுவிட்டது, அல்லது அழுக்கேறிவிட்டது.

அடுத்து, எஞ்சின் சூடான பிறகு, ஏசியை அணைத்துவிட்டு, ஐடிலில், விசிடிஎஸ்ஸில் எண்கள் வரிசையாக வரும் பக்கங்களில் பிளாக் 002 பாருங்கள். வினாடிக்கு 2 முதல் 4 கிராம் காற்று வர வேண்டும்.

மூன்றாவது, முழு ஆக்சிலரேட்டரில் வரும் உச்ச எண். குதிரைத்திறனை 0.8-ஆல் பெருக்கினால் வினாடிக்கு எத்தனை கிராம் காற்று என்று தோராயமாக வந்துவிடும். இந்தியாவில் விற்ற 150 குதிரைத்திறன் ஆர்எஸ்ஸுக்கு 120 கிராம் வாக்கில். புது வண்டிக் கணக்கு அது. 90-ஐத் தாண்டாத வண்டிக்குப் பெரிய சென்சார் தேவையில்லை, நல்ல சென்சார் தேவை.

பெரிய குழாய் உண்மையிலேயே வேண்டும் என்பதற்கு ஒரே அடையாளம்: ஆர்பிஎம் ஏறிக்கொண்டே போகும், பூஸ்டும் (டர்போ தரும் காற்றழுத்தம்) இருக்கும், ஆனால் காற்றின் எண் ஓரிடத்தில் நின்றுவிடும். கே04 என்னும் பெரிய ரக டர்போ போட்ட பிறகு என் லாகில் (ஓட்டும்போது லேப்டாப்பில் பதிந்த எண்களில்) 5,200 ஆர்பிஎம்மில் தொட்ட எண் 6,300 வரை அசையவே இல்லை. அளவுகோல் அங்கே முடிந்துவிட்டது என்று பொருள்.

முழு ஆக்சிலரேட்டர் சோதனையைப் பொது ரோட்டில் செய்யாதீர்கள். டைனோவில் (வண்டியை உருளைகள்மேல் நிறுத்தி ஓட்டிச் சக்தியை அளக்கும் மேடை) செய்யுங்கள். கோவைப் பக்கம் இருப்பவர்களுக்குச் செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேயில் டிராக் நாள் கிடைத்தால் அங்கே செய்யலாம்.

2. காகித வேலை: பாகம் வாங்குமுன்பே

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்சியில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத பாகங்களைப் பொருத்தினால் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆர்சியில் மாஃப் சென்சாருக்கென்று ஒரு வரி கிடையாது. ஆனால் எஞ்சினின் சக்தி மாறுகிறது. அதனால் ரோட்டில் ஓட்டும் வண்டியில் எதைச் செய்வதானாலும் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். டிராக்குக்கு மட்டும் என்றால் டிராக்கோடு நிறுத்துங்கள்.

இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். போனில் சொன்னால் பதிவு இருக்காது. மின்னஞ்சலில் பாகத்தின் பெயர், பில், மாற்றப்போகும் தேதி எல்லாம் எழுதி, பாலிசியில் குறிப்பு சேர்த்து வாங்குங்கள். எனக்கு இரண்டு வாரம் ஆனது. சொல்லாமல் விட்டு நாளைக்கு ஒரு விபத்து நடந்தால், கிளெய்மை மறுக்க நாமே காரணம் கொடுத்ததாகிவிடும்.

வெளிநாட்டிலிருந்து பாகம் வரவழைத்தால் கூரியர்காரர்கள் அடையாளச் சான்று கேட்பார்கள். ஆதார் நகலும், விற்றவரின் இன்வாய்ஸும் தயாராக இருக்கட்டும். இன்வாய்ஸ் தெளிவில்லாமல் இருந்ததால் என் பெட்டி சுங்கத்தில் ஒன்பது நாள் கிடந்தது.

3. வாங்குவது

சென்சார் வேறு, அது உட்காரும் குழாய் வேறு. இதே குடும்பத்துக் கார்களில் உள்ளே செருகும் சென்சார் ஒரே ரகமாகவும் குழாய் மட்டும் அகலமாகவும் வருவது உண்டு. அப்படிப்பட்ட அசல் குழாயைத் தேடுங்கள். லேத்தில் கடைந்த குழாய் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சென்சாரின் முனை நடுவில் நிற்கிறதா, உட்சுவர் வழவழப்பாக இருக்கிறதா, முன்னால் காற்றைச் சீராக்கும் வலை இருக்கிறதா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அந்த வலையை "காற்றைத் தடுக்குது" என்று பிடுங்கிப் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். வலையை எடுத்தால் எண் துள்ளும், ஐடில் ஆடும்.

ஏர் ஃபில்டர் பெட்டியோடு இணைக்க ஓர் அலுமினிய ரிங் தேவைப்பட்டது. அதை மட்டும் கணபதி பக்கம் ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கினேன். பழைய குழாயையும் புதியதையும் கையோடு கொண்டுபோனால் பாதி நாளில் வேலை முடிந்துவிடும்.

போலி சென்சார்கள் நிறைய. மூன்றில் ஒரு பங்கு விலைக்குப் பாஷ் பெட்டியில் கிடைத்தால் வாங்காதீர்கள். நான் ஒன்று வாங்கினேன். ஐடிலில் சரியாக இருந்தது, 3,000 ஆர்பிஎம்முக்கு மேல் மனம்போன எண். பில் கொடுக்கும் கடையில் வாங்கி, அன்றே அந்த 1 வோல்ட் சோதனையைச் செய்து பாருங்கள்.

2024-இல் நான் கொடுத்தது: சென்சார் 11,500 ரூபாய், வெளிநாட்டிலிருந்து வந்த பழைய அசல் குழாய் சுங்க வரியோடு 9,400, ரிங் 1,800, சிலிக்கான் ஹோஸும் கிளாம்புகளும் 2,600, புகையிலிருந்து காற்று-பெட்ரோல் கலவையை அளக்கும் வைட்பேண்ட் லாம்டா மீட்டர் 24,000, டியூனருக்கு 30,000, டைனோ இரண்டு முறை 8,000, பிளக் ஒரு செட் 3,200. மொத்தம் 90,500. போலி சென்சாருக்குக் கொடுத்தது இதில் சேரவில்லை.

வைட்பேண்ட் மீட்டர் விலையைப் பார்த்துத் தயங்குவீர்கள். அதை விட்டுவிட்டு மற்றதைச் செய்யலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். கலவை என்ன என்று தெரியாமல் காற்று அட்டவணையைத் திருத்துவது, தராசில்லாமல் நகை எடை போடுவது.

4. பழைய ஃபைலைக் காப்பாற்றி வையுங்கள்

இசியூவில் உள்ள முழு ஃபைலையும், இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) விவரம் இருக்கும் சின்ன நினைவகச் சிப்பான ஈப்ராமையும் படித்து, இரண்டு வெவ்வேறு இடத்தில் சேமியுங்கள். டியூனர் செய்தால் அந்த ஃபைலின் நகலை உங்களிடமும் கேட்டு வாங்குங்கள். தரமாட்டேன் என்றால் வேறு டியூனரைப் பாருங்கள். எழுதும்போது பேட்டரியில் சார்ஜர் இணைந்திருக்க வேண்டும். பாதியில் வோல்டேஜ் விழுந்தால் இசியூ செயலிழந்து, கழற்றி மேசையில் வைத்துச் சரிசெய்ய வேண்டியதாகிவிடும்.

5. அட்டவணையை மாற்றி எழுதுவது: மாட்டுமுன், மாட்டிய பிறகு அல்ல

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

இந்த வண்டியில் இருப்பது பாஷ் எம்இ7.5 இசியூ. அதில் சென்சார் வோல்டேஜை மணிக்கு எத்தனை கிலோ காற்று என்று மாற்றும் அட்டவணை ஒன்று இருக்கிறது, 512 கட்டங்கள். குழாய் மாறினால் இந்த 512-உம் மாற வேண்டும்.

தொடக்கக் கணக்கு எளிது. இரண்டு குழாய்களின் உள்விட்டத்தையும் சென்சார் உட்காரும் இடத்தில் வெர்னியரால் அளந்துகொள்ளுங்கள். பழையது 60 மி.மீ., புதியது 70 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 70-ஐ 60-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 1.36. பழைய அட்டவணையை 1.36-ஆல் பெருக்க வேண்டும். இதைச் செய்யாமல் குழாயை மட்டும் மாட்டினால் உண்மையான காற்றில் 73 சதவீதத்தைத்தான் இசியூ பார்க்கும். 10 மி.மீ. வித்தியாசத்துக்கே கால் பங்குக்கு மேல் பெட்ரோல் குறைகிறது. இசியூ "தானாகக் கற்றுக்கொள்ளும்" திருத்தத்துக்கு எல்லை உண்டு, இவ்வளவு பெரிய பிழையை அது விழுங்காது. விழுங்கினாலும் அது திருத்துவது பெட்ரோலை மட்டும்தான். டைமிங் பழைய பொய்க்கணக்கிலேயே ஓடும்.

இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்ளும் சிக்கல். இந்தச் சென்சார் பின்னோக்கி வரும் காற்றையும் உணரும். அதற்காக அட்டவணையில் எல்லா எண்ணோடும் ஒரு நிலையான தொகையைக் கூட்டி வைத்திருப்பார்கள், இசியூ அதைப் பிறகு கழித்துக்கொள்ளும். என் ஃபைலில் அது 200. அதைக் கழிக்காமல் நேரடியாகப் பெருக்கினால் காற்றே இல்லாதபோதும் 272 ஆகிவிடும். 200 கழித்தால் மணிக்கு 72 கிலோ, அதாவது வினாடிக்கு 20 கிராம். ஐடிலுக்குத் தேவையோ 3 கிராம்தான். வண்டி ஸ்டார்ட் ஆகி, கரும்புகை கக்கி, அணைந்துவிடும். முதலில் 200-ஐக் கழியுங்கள், பெருக்குங்கள், அப்புறம் 200-ஐத் திரும்பக் கூட்டுங்கள். டியூனர் செய்தாலும் இந்த ஒரு கேள்வியை அவரிடம் கேளுங்கள். தெரிந்தவர் உடனே பதில் சொல்லிவிடுவார்.

இன்னொன்று. பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரையும் மாஃபையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். கலவை தவறினால் எது காரணம் என்று கண்டுபிடிக்க முடியாது. முதலில் மாஃப், அது சரியான பிறகு இன்ஜெக்டர். அதுவரை பூஸ்ட் ஏறும் அளவுக்கு மிதிக்காமல் ஓட்டுங்கள்.

6. மாட்டுவது

அரை மணி நேர வேலை. பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். சென்சாரைப் பிடித்திருப்பது சாதாரண ஸ்க்ரூடிரைவருக்கு அசையாத நட்சத்திரத் திருகு, அதற்கான பிட்டை முன்பே வாங்கி வையுங்கள். குழாயின்மேல் உள்ள அம்புக்குறி எஞ்சினைப் பார்த்து இருக்க வேண்டும். ஓ-ரிங் புதிதாகப் போடுங்கள். சென்சாரின் உள்முனையைக் கையால் தொடாதீர்கள். சுத்தம் செய்ய மாஃபுக்கென்றே விற்கும் ஸ்பிரே மட்டும்தான், கார்ப் கிளீனரோ பிரேக் கிளீனரோ கூடாது. எண்ணெய் தடவிய கோன் ஃபில்டர் வைத்திருந்தால் கழற்றிவிட்டுப் பேப்பர் ஃபில்டருக்கு மாறுங்கள். அந்த எண்ணெய்ப் படலம் சென்சாரில் படிந்தால் எண் மாறிவிடும்.

சென்சாருக்குப் பிறகு டர்போ வரை ஒரு சின்ன வெடிப்புகூட இருக்கக்கூடாது. அங்கே நுழையும் காற்று கணக்கில் வராது. ஹோஸின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். மேலே பளபளவென்று இருக்கும், அடியில் மடிப்பில் கிழிந்திருக்கும். அதேபோல் "உஷ்" சத்தத்துக்காக மிஞ்சும் டர்போ காற்றை விடும் டைவர்ட்டர் வால்வைத் திறந்த வெளிக்கு விட்டிருந்தால், பழையபடி ஹோஸுக்குள் திருப்புங்கள். எண்ணிக் கணக்கில் சேர்த்த காற்று வெளியே போனால், கியர் மாற்றும்போதெல்லாம் ரிச் ஆகி (பெட்ரோல் அதிகமாகி) திணறும்.

7. லாக் எடுத்துத் திருத்துவது: பத்து நாள் ஒதுக்குங்கள்

வர்க்கக் கணக்கு தொடக்கம்தான். குழாய்க்குள் காற்று எல்லா வேகத்திலும் ஒரே சீராகப் போவதில்லை என்பதால், சில இடத்தில் 3, 4 சதவீதம் தப்பும்.

புதிய ஃபைல் எழுதியதும் எரரை அழித்து, பிளாக் 060-இல் திராட்டில் அடாப்டேஷன் (திராட்டில் வால்வின் நிலையை இசியூ மறுபடி கற்பது) செய்துவிட்டு, வழக்கமான ரோட்டில் சாதாரணமாக ஓட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பிளாக் 032 பாருங்கள். முதல் எண் ஐடிலுக்கான திருத்தம், இரண்டாவது ஓட்டத்துக்கானது. பிளஸ் என்றால் இசியூ பெட்ரோலைக் கூட்டுகிறது, அதாவது அட்டவணை குறைவாகச் சொல்கிறது. எந்த வோல்டேஜில் எத்தனை சதவீதம் தப்புகிறது என்று லாகில் பார்த்து, அந்தக் கட்டங்களை அதே சதவீதம் கூட்டுங்கள் அல்லது குறையுங்கள். பக்கத்துக் கட்டங்களோடு சேர்த்து வழவழப்பாக்குங்கள். படிக்கட்டு போல் விட்டால் வண்டி சீரான வேகத்தில் குலுங்கும். ஒவ்வொரு முறை எழுதியதும் பழைய கற்றலை அழித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். எனக்கு நான்கு சுற்று ஆனது.

முதல் நாள் பெட்ரோல் போட்ட பங்கிலேயே கடைசி வரை போடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அதே காற்றுக்கு அதிகப் பெட்ரோல் வேண்டும். ஒரு கிலோ சுத்தப் பெட்ரோல் 14.7 கிலோ காற்று கேட்டால், 20 சதவீத எத்தனால் 13.5 வாக்கில் கேட்கும். 10 சதவீதக் கலவையிலிருந்து 20-க்குப் போனாலே ஏறத்தாழ 4 சதவீதம் மாறும். பாதி வழியில் பெட்ரோலை மாற்றிவிட்டு, அந்த 4 சதவீதத்துக்காக நான் ஒரு வாரம் அட்டவணையைத் திருத்திக்கொண்டிருந்தேன். மீட்டரையும் 14.7 கணக்கில் பார்க்காமல் லாம்டாவில் வையுங்கள். எந்தப் பெட்ரோலானாலும் 1.00 சரியான கலவை.

ஓட்டத் திருத்தம் பிளஸ் மைனஸ் 5-க்குள் வந்த பிறகுதான் டைனோ. முழு ஆக்சிலரேட்டரில் லாம்டா 0.80 முதல் 0.85-க்குள் இருக்கட்டும். கூடவே பிளாக் 020-இல் நான்கு சிலிண்டருக்கும் டைமிங் எத்தனை டிகிரி பின்வாங்குகிறது என்று பாருங்கள். ஒன்று, இரண்டு, மூன்று டிகிரி பரவாயில்லை. ஆறைத் தொட்டால் அன்றைக்கு நிறுத்துங்கள். ஓட்டம் முடிந்ததும் பிளக்கைக் கழற்றிப் பார்க்கும் வரை வண்டியை வீட்டுக்கு எடுக்காதீர்கள்.

இந்தக் கட்டத்தில் பி0171 (கலவை லீன் என்னும் எரர்) வந்தால் பெரும்பாலும் ஹோஸ் கசிவு. பி0102 (மாஃப் சிக்னல் குறைவு) வந்தால் கனெக்டர் சரியாக அமரவில்லையா என்று முதலில் பாருங்கள்.

8. பியூசி (புகைச் சான்றிதழ்)

வேலை முடிந்ததும் புதிதாக எடுங்கள், பழையது செல்லுபடியானாலும். பிஎஸ்2, பிஎஸ்3 பெட்ரோல் கார்களுக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 750 பிபிஎம் என்பது எல்லை. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு போங்கள், குளிர்ந்த எஞ்சின் ரிச்சாகத்தான் ஓடும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுத்துவிட்ட வண்டி இங்கே மாட்டிக்கொள்ளும். மாட்டட்டும், அதை எடுக்கவே கூடாது.

9. ஆயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு

சிலிக்கான் ஹோஸ் சூட்டில் தளரும், கிளாம்புகளை ஒரு சுற்று இறுக்குங்கள். அந்த 1 வோல்ட் சோதனையை மறுபடி செய்யுங்கள். பிளாக் 032-ஐ எழுதிவைத்த பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள். என் வண்டியில் ஐடிலுக்கு 1.6, ஓட்டத்துக்கு மைனஸ் 2.3. கோத்தகிரி ஏறி இறங்கிய பிறகும் அதேதான் நின்றது. பழைய குழாய், பழைய சென்சார், பழைய ஃபைல் இருக்கும் பென்டிரைவ் மூன்றையும் ஒரே டப்பாவில் போட்டு, மேலே தேதி எழுதி, ஆர்சி நகல் இருக்கும் அலமாரியிலேயே வைத்திருக்கிறேன்.